கண்ணை எங்கே நிறுத்துவது

பெங்களூரில் ஓசூர் ரோடு வழியாக ஆடுகோடியைக் கடப்பவர்களுக்கு அந்த நீண்ட மதில் தெரிந்திருக்கும். உள்ளே இருப்பது பாஷ் நிறுவனம். பழைய ஆட்களின் வாயில் இன்னும் அது 'மைக்கோ'தான். 1951இல் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்று தொடங்கி, 2008இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. ஸ்பார்க் பிளக்கும் டீசல் இஞ்செக்ஷன் பம்பும் செய்த இடம். உற்பத்தி பிடதிப் பக்கம் போய்விட்டது. 76 ஏக்கர் வளாகம் 'ஸ்பார்க் நெக்ஸ்ட்' என்ற புதுப்பெயரோடு 2022 ஜூனில் திறந்துவைக்கப்பட்டது. இப்போது அங்கே இரும்பைவிடக் கம்ப்யூட்டர்தான் அதிகம்.

இரும்பு அதிகமாக இருந்த காலத்தில், அறுபதுகளிலிருந்தே, அந்த நிறுவனத்தின் தொழிற்பயிற்சிக்கு ஊரில் நல்ல பெயர். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் என்று எந்த டிரேடில் சேர்ந்தாலும் ஒரு பாடம் மட்டும் தப்பாது: டிராயிங். ஐ.டி.ஐ.யில் படித்தாலும் பாலிடெக்னிக்கில் படித்தாலும் அப்படித்தான். பட்டறை வேலைக்குப் போகிறவனிடம் ஃபோர்மேன் முதலில் கேட்பது "டிராயிங் படிக்கத் தெரியுமா?" என்றுதான். போடத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. படிக்கத் தெரிய வேண்டுமானால் போட்டுப் பழகித்தான் ஆக வேண்டும் என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவனுக்கும் தெரியும்.

ஒரு கனப்பொருளைத் தாளில் தட்டையாக இறக்குவது ஏன் அத்தனை பேருக்குக் கஷ்டமாக இருக்கிறது? கை வரவில்லை என்பார்கள். கைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. டி-ஸ்கொயரும் மினி டிராஃப்டரும் கையின் வேலையில் பாதியைப் பார்த்துக்கொள்ளும். தடையாக நிற்பது நம் சொந்தக் கண். பிறந்ததிலிருந்து அது ஒரே விதமாகப் பார்த்துப் பழகியிருக்கிறது: பக்கத்தில் இருப்பது பெரிசு, தூரத்தில் இருப்பது சிறிசு, மறைந்திருப்பது இல்லவே இல்லை. இந்த மூன்று பழக்கங்களையும் விடச் சொல்வதுதான் முதல் மாதப் பாடம்.

ஒரு மேசையை எதிரில் நின்று பார்த்து அப்படியே வரைந்தால் பின்கால்கள் முன்கால்களைவிடக் குட்டையாக வரும். ஓவியத்துக்கு அது அழகு. அந்தப் படத்தை வைத்துத் தச்சர் மேசை செய்தால் சாப்பாட்டுத் தட்டு வழுக்கிக்கொண்டு போகும். அளவு எடுக்கிற படம் வேண்டுமானால் கண்ணைப் பின்னால் தள்ள வேண்டும். எவ்வளவு பின்னால்? முடிவே இல்லாத தூரத்துக்கு. அங்கிருந்து பார்த்தால் பார்வைக்கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகி, தாளில் நேர்செங்குத்தாக வந்து விழும். பின்காலும் முன்காலும் ஒரே உயரம் ஆகிவிடும். யாராலும் போய் நிற்க முடியாத இடம் அது. மனத்துக்குள்தான் நிற்க வேண்டும்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு பொருளைக் கையில் கொடுப்பது நல்லது. ஆடுகோடிக்கு ஏற்ற பொருள் ஸ்பார்க் பிளக். எந்த டூவீலர் மெக்கானிக்கிடமும் தேய்ந்துபோன பிளக் ஒன்று கிடைக்கும். பழைய ஸ்கூட்டர்களில் வந்த 14 மி.மீ. மரை வகையாக இருந்தால் இன்னும் நல்லது. அதன் இடுப்பில், பிளக் ஸ்பானர் பிடிக்கிற இடத்தில், ஓர் அறுகோணம் இருக்கிறது. எதிரெதிர் முகங்களுக்கு நடுவே வெர்னியரை வைத்தால் ஏறக்குறைய 20.8 மி.மீ. காட்டும். எதிரெதிர் மூலைகளுக்கு நடுவே வைத்தால் 24. ஒவ்வொரு முகத்தின் அகலமும் 12. மூலைகளைக் கொஞ்சம் மழுக்கியிருப்பார்கள் என்பதால் கையில் உள்ள பிளக்கில் அரை மில்லி முன்பின் இருக்கலாம். கணக்குக்குக் கூர்மூலை என்றே வைத்துக்கொள்வோம்.

பிளக்கை நிமிர்த்தி வைத்து ஒரு முகம் நேராக நம்மைப் பார்க்கும்படி திருப்புங்கள். முன்தோற்றத்தில் மூன்று முகங்கள் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களில் பலர் இங்கே மூன்று சம செவ்வகங்களைப் போட்டுவிடுவார்கள். முகங்கள் மூன்றும் சமம்தானே என்பது அவர்கள் நியாயம். ஆனால் நடு முகம் மட்டும்தான் நேராக நிற்கிறது. அது 12 மி.மீ. அகலத்தில் விழும். இரு பக்கமும் உள்ளவை 60 டிகிரி சாய்ந்து திரும்பியிருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் 6 மி.மீ.தான். கூட்டினால் 24, மூலைக்கு மூலை அளவு. இப்போது பிளக்கைத் திருப்பாமல் நாம் சுற்றி வந்து பக்கத்திலிருந்து பார்ப்போம். ஒரு மூலை நம்மை நோக்கி நிற்கும். இரண்டே முகங்கள் தெரியும், ஒவ்வொன்றும் 10.4 மி.மீ. கூட்டினால் 20.8, முகத்துக்கு முகம் அளவு. கடைசியாக மேலிருந்து பார்த்தால் அறுகோணம் முழுதாகத் தெரியும், ஆறு பக்கமும் 12, 12 என்று.

ஒரே அளவுள்ள முகங்கள். மேலிருந்து 12, முன்னாலிருந்து ஓர் இடத்தில் 12, இன்னோர் இடத்தில் 6, பக்கத்திலிருந்து 10.4. இதில் எது பொய் என்று கேட்டால் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொரு தோற்றமும் தன் பார்வைத் திசையிலுள்ள ஆழத்தை முழுதாக விட்டுக்கொடுத்துவிட்டு, மற்ற இரண்டு திசைகளின் அளவை அச்சுப் பிசகாமல் காப்பாற்றுகிறது. முன்தோற்றத்திடம் அகலத்தையும் உயரத்தையும் கேட்கலாம், ஆழத்தைக் கேட்கக்கூடாது. அதை மேல்தோற்றம் சொல்லும். இந்த ஒரு நட்டு வடிவத்தை ஒழுங்காகப் புரிந்துகொண்டவனுக்குப் பாடத்தின் பாதி முடிந்தது என்பேன்.

நம் பாடப்புத்தகங்கள் இப்படித் தொடங்குவதில்லை என்பது என் நெடுநாள் குறை. பொறியியல் கல்லூரிகளில் முதலில் வருவது புள்ளியின் புரொஜெக்ஷன், பிறகு கோட்டின் புரொஜெக்ஷன், அதுவும் இரண்டு தளங்களுக்கும் சாய்ந்த கோடு. கையால் தொட முடியாத ஒரு கோட்டை வெறும் காற்றில் சாய்த்து வைத்துவிட்டு அதன் இரண்டு நிழல்களைக் கேட்டால் முதல் வருஷப் பிள்ளை என்ன செய்யும்? தமிழ்நாட்டில் 'ஈஜி அரியர்', அதாவது இஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் தாளில் தேறாமல் நிற்பது, ஒரு தலைமுறைக்கே பொதுவான நோய். கர்நாடகத்தில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து மாணவர்களுக்குக் கம்ப்யூட்டரில் வரைகிற பாடம் வந்த பிறகும் அந்த அத்தியாயம் சுலபமாகிவிடவில்லை. தர்க்கப்படி புள்ளிதான் முதலில் வர வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். கற்கிற வரிசை வேறு. கையில் கனப்பொருள், பிறகு அதன் முகம், பிறகு விளிம்பு, கடைசியில் மூலை: அந்த மூலைதான் புள்ளி.

தோற்றங்கள் மூன்றையும் தாளில் எங்கே வைப்பது என்பது அடுத்த அடுக்கு. நீங்கள் உட்கார்ந்திருக்கிற அறையின் ஒரு மூலையைப் பாருங்கள். எதிர்ச்சுவர், அதோடு சேரும் பக்கச்சுவர், கீழே தரை. மூலைக்குச் சற்று முன்னால் பிளக்கை அந்தரத்தில் நிறுத்துங்கள். முன்னாலிருந்து பார்ப்பது பின்னாலுள்ள எதிர்ச்சுவரில் பதிகிறது. மேலிருந்து பார்ப்பது தரையில் பதிகிறது. இடப்பக்கம் நின்று பார்ப்பது வலப்பக்கச் சுவரில் பதிகிறது. இனி தரையைக் கீல் வைத்த பலகை மாதிரி கீழே மடக்குங்கள், பக்கச்சுவரை வெளியே விரியுங்கள். மூன்றும் ஒரே தளமாகிவிடும். எலிவேஷன் என்கிற முன்தோற்றம் மேலே, அதற்கு நேர் கீழே பிளான் என்கிற மேல்தோற்றம், எலிவேஷனுக்கு வலப்பக்கம் இடப்பக்கத் தோற்றம். மேல்தோற்றம் ஏன் கீழே இருக்கிறது என்ற பழைய குழப்பத்துக்கு விடை அந்தத் தரையில் இருக்கிறது.

மடக்கியதால் கிடைக்கும் லாபம் பெரிசு. எலிவேஷனும் பிளானும் ஒரே செங்குத்து வரிசையில் நிற்பதால் அகலத்தை இரண்டு முறை அளக்க வேண்டாம். மெல்லிய கோடு ஒன்றை இறக்கினால் போதும். உயரம் படுக்கைக் கோடாகப் பக்கத்தோற்றத்துக்குப் போகும். பிளானில் உள்ள ஆழத்தை ஒரு 45 டிகிரிக் கோட்டில் மோதித் திருப்பிப் பக்கத்தோற்றத்துக்கு ஏற்றலாம். அளவுகள் மூன்று படங்களுக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கும். ஒரு படத்தில் தப்பு செய்தால் மற்றொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த மடக்கும் யோசனையை முறையாகக் கட்டியவர் காஸ்பார் மோன்ஜ் என்ற பிரெஞ்சுக்காரர். 1746இல் பிறந்தவர். மெஸியேர் ஊரிலிருந்த ராணுவப் பொறியியல் பள்ளியில் இளைஞராக வேலை பார்த்தபோது, எதிரியின் பீரங்கிப் பார்வையில் படாமல் கோட்டைச் சுவர்களின் உயரத்தைத் தீர்மானிக்கும் கணக்கு ஒன்று அவர் கைக்கு வந்தது. நீண்ட கூட்டல் பெருக்கல் கேட்கும் வேலை. அவர் அதை வரைந்தே முடித்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் முடித்திருக்க முடியாது என்று அதிகாரி முதலில் விடையைப் பார்க்கவே மறுத்ததாகச் சொல்வார்கள். சரிதான் என்று தெரிந்த பிறகு அதை ராணுவ ரகசியமாக்கினார்கள். பாரிஸில் 1795இல்தான் அவரால் பொது வகுப்பாக எடுக்க முடிந்தது, 1799இல் புத்தகமானது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்த அதே வருஷம். கோட்டைகளுக்காகப் பிறந்த வடிவியல் கோட்டைகளின் காலம் முடியும்போது அச்சேறி, அடுத்து வந்த இயந்திரங்களின் காலத்துக்கு வேலை செய்தது. மோன்ஜின் பங்கு படம் போட்டதோடு நிற்கவில்லை. இரண்டு தளங்களில் விழுந்த படங்களிலிருந்து பொருளின் உண்மையான நீளம், கோணம், இரண்டு பரப்புகள் வெட்டிக்கொள்ளும் கோடு எல்லாவற்றையும் கணக்குப் போடாமல் வரைந்தே எடுக்கலாம் என்று காட்டியதில்தான் அவர் பெயர் நிற்கிறது.

தட்டையான கோட்டிலிருந்து கனவுருவத்தை எடுக்கும் இந்த வேலையில் சிற்பிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. ஸ்தபதி ஒருவர் கல்லின் முன்முகத்தில் நடுச்சூத்திரம் போட்டு உருவத்தின் அளவுகளைக் கோடிழுத்துவிட்டுத்தான் உளியை எடுக்கிறார். அங்கே கல்லே தாள். நம் டர்னருக்குத் தாள் வேறு, இரும்பு வேறு. நடுவில் கற்பனை மட்டும்தான் பாலம்.

கண்ணின் மூன்றாவது பழக்கத்துக்கு வருவோம், மறைந்திருப்பதை இல்லை என்று எடுத்துக்கொள்வது. டிராயிங்கில் மறைந்திருக்கிற விளிம்புக்கும் கோடு உண்டு, விட்டுவிட்டுப் போகும் கோடாக. கண்ணுக்குத் தெரியும் விளிம்பு தடித்த முழுக்கோடு. துளைக்கும் உருளைக்கும் அச்சுக்கோடு நீண்ட துண்டு, குறுந்துண்டு என்று மாறி மாறிப் போகும். அளவுக் கோடு மெல்லியது. ஒரே இடத்தில் இரண்டு வகை வந்து விழுந்தால் தெரியும் விளிம்புக்கு முதல் மரியாதை, அடுத்தது மறைகோடு, அதற்குப் பிறகுதான் அச்சுக்கோடு. ஒரு செவ்வகத்துக்குள் இரண்டு மறைகோடு, நடுவில் ஓர் அச்சுக்கோடு. அனுபவப்பட்ட கண் அதைக் கோடாகப் பார்ப்பதே இல்லை, "துளை" என்று பார்க்கிறது. உள்ளே சிக்கல் அதிகமானால் மறைகோடுகள் காடு மாதிரி மண்டிவிடும். அப்போது பொருளை மனத்தால் அறுத்து வெட்டுத்தோற்றம் போடுவார்கள். ஸ்பார்க் பிளக்கைப் பாதி அறுத்துக் காட்டினால்தான் வெள்ளைப் பீங்கானுக்குள் ஓடும் நடுக்கம்பி தெரியும்.

மூன்று தோற்றம் எதற்கு, இரண்டு போதாதா? சில சமயம் போதும். உருளைக்கு ஒன்றுகூடப் போதும், விட்டக் குறி இருந்தால். ஆனால் இந்தப் பயிற்சியைச் செய்துபாருங்கள்: எலிவேஷன் ஒரு சதுரம், பிளானும் ஒரு சதுரம், உள்ளே வேறு கோடு எதுவும் இல்லை. பொருள் என்ன? எல்லாரும் கனசதுரம் என்பார்கள். பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் கூராகவும் சரிந்திறங்கும் ஆப்புக்கட்டைக்கும் இதே இரண்டு சதுரங்கள்தான் வரும். சரிவு நேராக இல்லாமல் கால்வட்டமாக வெளியே புடைத்திருந்தாலும் அதே. உள்ளே குழிந்திருந்தாலும் அதே. பக்கத்தோற்றம் வந்து சதுரமா, முக்கோணமா, கால்வட்டமா என்று சொன்னால்தான் தீரும். நல்ல பயிற்றுநர்கள் இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு மாணவனிடம் ஒரு பார் சோப்பையும் பழைய பிளேடையும் கொடுப்பார்கள். படத்தைப் பார்த்துச் செதுக்கு என்பார்கள். டிராயிங் படிக்கத் தெரிகிறதா என்பதற்கு அதைவிட நேர்மையான பரீட்சை எனக்குத் தெரிந்து இல்லை.

இனி ஃபர்ஸ்ட் ஆங்கிள், தேர்டு ஆங்கிள் தகராறு. மேலே சொன்ன அறைமூலை ஃபர்ஸ்ட் ஆங்கிள்: முதலில் கண், அடுத்து பொருள், அதற்குப் பின்னால் தளம். தேர்டு ஆங்கிளில் தளம் நடுவில் வந்துவிடும். பொருளுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தி அதிலேயே கோடிழுப்பதுபோல. அதனால் மேல்தோற்றம் மேலேயே நிற்கும், இடப்பக்கத் தோற்றம் இடப்பக்கமே நிற்கும். மற்ற இரண்டு கோணங்களில், அதாவது இரண்டாவதிலும் நான்காவதிலும், தளத்தை மடக்கும்போது படங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும் என்பதால் அவற்றை யாரும் சீந்துவதில்லை. ஐரோப்பாவில் முதலாவது வழக்கம், அமெரிக்காவில் மூன்றாவது. இந்தியத் தரக்குறிப்பு தொடக்கத்தில் தேர்டு ஆங்கிளைச் சொல்லிவந்து, பின்னால் மாறியது. பள்ளி கல்லூரிகளுக்காக 1988இல் வந்த எஸ்.பி.46 ஏடு ஃபர்ஸ்ட் ஆங்கிளைத்தான் பரிந்துரைக்கிறது. எது மேல் என்று சண்டை போடுவது வீண். பெங்களூர் மாதிரி ஒரு பக்கம் ஜெர்மன் கம்பெனி, இன்னொரு பக்கம் அமெரிக்கக் கம்பெனி என்று இருக்கிற ஊரில் இரண்டுமே மேசைக்கு வரும்.

எது வந்திருக்கிறது என்பதை டைட்டில் பிளாக்கில் உள்ள சின்னம் சொல்லும். நுனி வெட்டிய கூம்பு ஒன்று, பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம். வட்டங்கள் கூம்பின் அகலமான முனைப்பக்கம் இருந்தால் ஃபர்ஸ்ட், குறுகிய முனைப்பக்கம் இருந்தால் தேர்டு. இதைக் கவனிக்காமல் வேலையைத் தொடங்கினால் என்ன ஆகும்? பல நேரம் படமே முரண்பட்டுக் காப்பாற்றிவிடும். முழுக்கோடாக இருக்க வேண்டியது மறைகோடாக இருக்கும், ஏதோ இடிக்கிறது என்று புரிந்துவிடும். ஆபத்து, துளைகள் எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஊடுருவிப் போகும் பொருளில். அங்கே இடமும் வலமும் மாறினாலும் எந்தக் கோடும் கூச்சலிடாது. அளவெல்லாம் சரியாக இருக்கும், பொருள் மட்டும் கண்ணாடியில் பார்த்த பிம்பமாக வந்து நிற்கும். வலக்காலுக்குக் கேட்ட செருப்பு இடக்காலுக்கு வந்து நிற்பது மாதிரி.

தட்டையான பரப்புகளோடு மூன்று தோற்றங்களின் ராஜ்யம் முடிந்துவிடுகிறது. வளைந்து சுற்றும் விளிம்பை என்ன செய்வது? ஆடுகோடியில் செய்யப்பட்ட இன்லைன் டீசல் பம்பே இதற்கு உதாரணம். அதன் உள்ளே பேரல் என்ற உறைக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சர் என்ற உருளை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். பிளஞ்சரின் மேல்பகுதியில் சாய்வாகச் சுற்றிப்போகும் ஒரு விளிம்பு வெட்டப்பட்டிருக்கும். பிளஞ்சர் ஏறும்போது அந்த விளிம்பு பேரலிலுள்ள துளையைத் திறந்துவிட்ட கணத்தில் டீசல் போவது நின்றுவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலோ விட்டாலோ பிளஞ்சர் தன் அச்சில் கொஞ்சம் திரும்புகிறது. சாய்விளிம்பின் வேறோர் உயரம் துளைக்கு எதிரே வருகிறது. டீசல் கூடுகிறது அல்லது குறைகிறது. லாரி மலையேறுவதற்கான கணக்கு அந்தச் சாய்விளிம்பில் இருக்கிறது.

அந்த விளிம்பை எலிவேஷனில் வரைந்தால் அலைபோல வளைந்து வரும். வகுப்பில் அதை வரையும் முறை இது: பிளானில் வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரி, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் கோடு ஏற்று, அதற்குரிய உயரத்தில் புள்ளி வை, புள்ளிகளைக் கோத்துவிடு. உதாரணத்துக்கு விட்டம் 10 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், நடுவிலிருந்து முதல் 30 டிகிரி திருப்பம் படத்தில் 2.5 மி.மீ. நகரும். அடுத்த 30 டிகிரி 1.83 மி.மீ. அதற்கடுத்த 30 டிகிரி வெறும் 0.67. திருப்பம் ஒரே அளவு, படத்தில் நகர்வது குறைந்துகொண்டே போகிறது. ஓரத்துக்குப் போகப் போகக் கோடு நெரிகிறது. இந்தப் படத்திலிருந்து சாய்வை அளந்தால் தப்பான விடைதான் வரும்.

எனவே இங்கே கண்ணை நகர்த்துவதை விட்டுவிட்டுப் பரப்பையே உரிக்கிறார்கள். உருளையின் தோலை நெடுக்கில் கிழித்துத் தரையில் விரித்தால் 31.4 மி.மீ. நீளச் செவ்வகம். அதில் ஒவ்வொரு 30 டிகிரியும் சரியாக 2.62 மி.மீ. அலையாக நெளிந்த விளிம்பு நேரான சாய்கோடாகப் படுத்துவிடும். இதற்கு டெவலப்மென்ட் என்று பெயர். தகர வேலை செய்கிறவர்கள் புனலுக்கும் குழாய் முழங்கைக்கும் தினமும் செய்வது இதுதான்.

இப்போது வகுப்புகளில் எல்லாம் தலைகீழ். முதலில் திரையில் கன உருவத்தைக் கட்டுகிறார்கள், பிறகு பட்டனைத் தட்டினால் மென்பொருள் மூன்று தோற்றங்களையும் மறைகோட்டோடு கொட்டிவிடுகிறது. அறுகோணத்தின் 12, 6, 10.4 எல்லாம் கேட்காமலே சரியாக விழும். பிளஞ்சரின் அலைக்கோடும் பன்னிரண்டு பிரிவு இல்லாமலே வரும். அமோனியா பிரின்ட்டின் மூக்கைத் துளைக்கும் நெடியும் டிரேசிங் தாளில் பிளேடால் சுரண்டிய அழிப்பும் போனதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் மென்பொருள் நம்மிடமே விட்டுவிடுகிற கேள்விகள் இரண்டு உண்டு. ஒன்று, ஃபர்ஸ்ட்டா தேர்டா. நிறுவும்போது இருந்த அமைப்பை மாற்றாமல் படத்தை அனுப்பிவிட்டு முழிக்கிற இளம் டிசைனர்கள் இன்றும் இருக்கிறார்கள். மற்றது, எது முன்தோற்றம்.

இரண்டாவதற்குப் புத்தகத்தில் ஒற்றைவரி விடைதான் இருக்கும்: பொருளின் உருவம் நன்றாகத் தெரியும் பக்கம், மறைகோடு குறைவாக வரும் பக்கம். பட்டறையில் பழகியவர் இன்னொன்றையும் பார்ப்பார்: செய்கிறவன் அதை எப்படிப் பிடிப்பான் என்று. ஸ்பார்க் பிளக் எஞ்சினில் நின்றாலும் சாய்ந்தாலும், அதன் உலோக உடம்பைக் கடைகிறபோது லேத்தில் படுத்துத்தான் சுற்றுகிறது. அதனால் கடைசல் பொருள்களின் டிராயிங்கில் அச்சுக்கோட்டைப் படுக்கையாகப் போடுவார்கள். டர்னர் லேத்துக்கு முன்னால் நின்று தாளைப் பார்த்தால், சக்கில் இருக்கும் துண்டு எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடக்கிறதோ படமும் அந்தப் பக்கமே தலைவைத்துக் கிடக்க வேண்டும். தாளைத் திருப்பிப் பிடிக்கிற வேலையை அவருக்கு வைக்கக்கூடாது.